கம்மி பட்ஜெட்ல ஜாஸ் வாசிக்க ஹாலோபாடி கிட்டார் வாங்குறது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வாங்கின முதல் ஹாலோபாடி (உடம்புக்குள்ள மரத்துக்கு பதிலா காத்து இருக்குற எலெக்ட்ரிக் கிட்டார்) 17 இன்ச் அகலம். போட்டோவ பார்த்து மயங்கி வாங்கினது, சன்பர்ஸ்ட் கலரு, தங்க முலாம் பூசின டெயில்பீஸு (கம்பியோட அடிமுனைய பிடிச்சிருக்குற பாகம்), செவுத்துல மாட்டி வச்சா பார்த்துட்டே இருக்கலாம். வீட்ல தனியா வாசிச்ச வரைக்கும் ஒரு குறையும் இல்ல. மூணாவது வாரம் பேண்ட் ப்ராக்டிஸுக்கு தூக்கிட்டு போனேன், ட்ரம்மர் பக்கத்துல இருக்காரேன்னு ஆம்ப் வால்யூம கொஞ்சம் ஏத்தினேன், அவ்ளோதான், "ஊஊஊம்"னு ஒரு ஊளை. அன்னிக்கு பூரா வாசிச்சத விட கம்பிய அமுக்கி சத்தத்த அடக்கினதுதான் ஜாஸ்தி. போதாக்குறைக்கு வலது தோள்பட்டை வேற வலிக்க ஆரம்பிச்சுது. ஆறு மாசத்துல நஷ்டத்துக்கு வித்துட்டேன்.

அந்த கிட்டார் மேல ஒரு தப்பும் இல்ல, நான் யோசிச்ச வரிசைதான் தலைகீழ். அழகு, பிராண்டு, பிக்கப்பு, கடைசியா "ஆமா இத எங்க வாசிக்கப் போறோம்"னு யோசிச்சேன். அத முதல்ல யோசிச்சிருக்கணும். எங்க வாசிக்கப் போறோம், உடம்புக்கு ஒத்து வருதா, நெக் நேரா இருக்கா, இந்த மூணுக்கும் பதில் கிடைச்ச அப்புறம்தான் மத்ததெல்லாம். கீழ படிப்படியா போறேன், நெக் சோதனை மட்டும் கிட்டார கையில எடுக்குற படி 7ல வரும்.

முதல்ல ஒரு கேள்வி: நிஜமாவே ஹாலோபாடி வேணுமா?

கசப்பா இருந்தாலும் சொல்லிடறேன், ஜாஸ் வாசிக்க ஹாலோபாடி கட்டாயம் இல்ல. கனடாவோட ஜாஸ் கிட்டாரிஸ்ட் எட் பிக்கர்ட் டெலிகாஸ்டர்ல (உள்ள முழுக்க மரமா இருக்குற சாலிட்பாடி கிட்டார்) வாசிச்சத கண்ண மூடிட்டு கேளுங்க, பெரிய ஆர்ச்டாப்னு (மேல்பலகை மேடா வளைஞ்ச ஹாலோபாடி) சத்தியம் பண்ணுவீங்க. டெட் கிரீனும் டெலிகாஸ்டர்தான். "ஜாஸ் சத்தம்"னு நம்ம மனசுல இருக்குறதுல பெரும்பங்கு நெக் பக்கத்து பிக்கப்பு (கம்பியோட அதிர்வ மின்சாரமா மாத்துற பாகம்), தடிமனான ஃப்ளாட்வுண்ட் கம்பி (மேல தட்டையான நாடா சுத்தின வழவழப்பான கம்பி), பாதி மூடின டோன் நாபு, அப்புறம் வாசிக்கிறவரோட கை. வெஸ் மான்ட்கோமரி பிக் இல்லாம கட்டைவிரல்லயே வாசிச்சார், அந்த சத்தத்த எந்த கடையிலயும் விலைக்கு வாங்க முடியாது.

அதனால உங்ககிட்ட ஏற்கனவே ஒரு சாலிட்பாடி இருந்தா, முதல்ல ஒரு செட் ஃப்ளாட்வுண்ட் கம்பி வாங்கி அதுல மாட்டி, நெக் பிக்கப்ப மட்டும் போட்டு, டோன பாதிக்கு கீழ இறக்கி ரெண்டு மாசம் வாசிச்சு பாருங்க. அதுலயே திருப்தி ஆயிட்டா பணம் மிச்சம்.

அப்போ எதுக்குத்தான் ஹாலோபாடி? அடிச்ச உடனே "தும்"னு ஒரு மரச்சத்தம் முன்னாடி வந்து நிக்கும், சட்டுனு அடங்கிடும். சாலிட்பாடி மாதிரி இழுத்துக்கிட்டே போகாது. நாலு சுரம் அடுக்கின கார்டுகள வேகமா மாத்தி மாத்தி வாசிக்கும்போது ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம தெளிவா கேக்குறது இந்த சீக்கிரம் அடங்குற குணத்தாலதான். ஆம்ப் போடாமலே ரூம்ல ப்ராக்டிஸ் பண்ண சத்தம் பத்தும், நெஞ்சோட ஒட்டி அதிர்றது ஒரு தனி சுகம். இதெல்லாம் வேணும்னு தோணுச்சுன்னா மேல படிங்க.

படி 1: உள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க

எஃப் வடிவ ஓட்டை இருந்தாலே "ஹாலோபாடி"ன்னு விளம்பரம் போட்டுடறாங்க. அந்த ஓட்டைக்கு பின்னாடி மூணு வேற வேற கிட்டார் ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு, முழு ஆழ ஹாலோபாடி. உள்ள மொத்தமும் காத்து, பக்கவாட்டு தடிமன் 3 இன்ச்சுக்கு மேல. 1936ல கிப்சன் இஎஸ்-150 வந்து, சார்லி கிரிஸ்டியன் அத கையில எடுத்ததும்தான் பித்தளை வாத்தியங்களுக்கு நடுவுல கிட்டார் தனியா ஒரு சோலோ வாசிச்சா காதுல விழும்ங்கற நிலைமை வந்துச்சு. 1949ல இஎஸ்-175 வந்துச்சு, சுமார் 16 இன்ச் அகலம், ஒட்டுப்பலகை மேபிள் உடம்பு. ஜோ பாஸ், ஹெர்ப் எல்லிஸ், ஜிம் ஹால், பேட் மெத்தினின்னு ஜாஸ் கிட்டார்ல பாதிப்பேர் கையில அது இருந்திருக்கு. இன்னிக்கு கம்மி விலையில வர்ற முழு ஆழ கிட்டார்ல நிறைய அந்த 175ஓட பேரப்பிள்ளைங்கதான்.

ரெண்டு, மெலிசான ஹாலோபாடி. இதுலயும் உள்ள காத்துதான், ஆனா பக்கவாட்டு தடிமன் 2 இன்ச்சுக்கும் கம்மி. கிப்சன் இஎஸ்-330, எபிஃபோன் கஸினோ எல்லாம் இந்த ரகம். கிரான்ட் கிரீன், எமிலி ரெம்லர் ரெண்டு பேரும் 330 வாசிச்சவங்க.

மூணு, செமி ஹாலோ. 1958ல வந்த இஎஸ்-335தான் இதுக்கு மூலம். வெளிய பார்த்தா 330 மாதிரியே இருக்கும், ஆனா உள்ள நடுவுல கழுத்துலேர்ந்து அடி வரைக்கும் ஒரு முழு மரக்கட்டை ஓடும். பிரிட்ஜும் பிக்கப்பும் அந்த கட்டை மேல உக்காந்திருக்கும். ஊளை சத்தத்த அடக்கத்தான் அந்த கட்டையே. ஜாஸுக்கு நல்லாவே இருக்கும், ஜான் ஸ்கோஃபீல்ட் காலம் பூரா வாசிக்கிற ஐபனெஸ் ஏஎஸ்-200 இந்த ரகம்தான். ஆனா அந்த "தும்" கொஞ்சம் கம்மி, இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

ரெண்டாவதையும் மூணாவதையும் குழப்பிக்கிறது ரொம்ப சகஜம். கண்டுபிடிக்கிற வழி சுலபம், எஃப் ஓட்டை வழியா மொபைல் டார்ச் அடிச்சு பாருங்க, நடுவுல செவுரு மாதிரி மரம் தெரிஞ்சா செமி, அந்தப்பக்க ஓட்டை வரைக்கும் வெளிச்சம் தாராளமா போனா முழு ஹாலோ. ஆன்லைன்ல பார்க்கறீங்கன்னா விவரப் பட்டியல்ல "சென்டர் பிளாக்"ங்கற வார்த்தைய தேடுங்க, இருந்தா செமி.

படி 2: எங்க வாசிக்கப் போறீங்க?

இந்த படிலதான் நான் கோட்டை விட்டேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

கம்பி அதிருது, பிக்கப் அத எடுத்து ஆம்புக்கு அனுப்புது, ஆம்ப் சத்தம் திரும்பி வந்து கிட்டாரோட மேல்பலகைய அடிக்குது, பலகை அதிர்ந்து மறுபடி கம்பிய ஆட்டுது, அத திரும்ப பிக்கப் எடுக்குது. இந்த சுத்து நிக்காம பெருகிட்டே போறதுதான் ஃபீட்பேக். உள்ள இருக்குற காத்து எவ்ளோ பெருசோ, பலகை எவ்ளோ லேசோ, அந்த அளவுக்கு சீக்கிரம் ஆரம்பிக்கும். முழு ஆழ கிட்டார்ல இது பெரும்பாலும் கீழ் சுரங்கள்ல, சுமாரா 100லேர்ந்து 200 ஹெர்ட்ஸ் வட்டாரத்துல கிளம்பும், ஆறாவது, அஞ்சாவது கம்பியில ஏதோ ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் பூதம் மாதிரி எழும்பும்.

வீட்ல, இல்ல ஒரு பாடகரோட ரெண்டு பேரா, இல்ல டபுள் பேஸ் கூட ட்ரம்ஸ் இல்லாம வாசிக்கிற ஆளா நீங்க? முழு ஆழம் தாராளமா எடுங்க, அந்த சத்தத்துக்கு ஈடு இல்ல. ப்ரஷ் வச்சு மெதுவா வாசிக்கிற ட்ரம்மர் இருந்தா கூட சமாளிச்சுடலாம்.

குச்சி வச்சு வெளுக்கிற ட்ரம்மர், சின்ன மேடை, ஆம்ப் முதுகுக்கு பின்னாடி ஒரு அடி தூரத்துல, பக்கத்துல சாக்ஸபோன், இதுதான் உங்க நிலைமைன்னா மெலிசான ஹாலோ, இல்லன்னா செமி. அதே கிட்டார்ல ஃபங்க், ப்ளூஸ், கொஞ்சம் ராக் எல்லாம் வாசிக்கணும்னா யோசிக்கவே வேணாம், செமி.

ரெண்டும் கலந்து இருக்குன்னா? மெலிசான முழு ஹாலோ எடுத்துட்டு, சத்தமான இடத்துல எஃப் ஓட்டைல ஸ்பாஞ்ச் அடைச்சுக்கோங்க. பார்க்க கேவலமா இருக்கும்தான், ஆனா வேலை செய்யும். கறுப்பு கலர் ஸ்பாஞ்சா பார்த்து வெட்டினா தூரத்துல இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது.

படி 3: உடம்புக்கு ஒத்து வருதா?

17 இன்ச் அகலமும் மூணரை இன்ச் ஆழமும் படத்துல கம்பீரமா இருக்கும். உக்காந்து மடியில வச்சா வலது கை அந்த மேட்ட தாண்டி எட்டிப் போகணும், தோள்பட்டை தூக்கிக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு வலி வரும். ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் பென்சனுக்காக ஐபனெஸ் 1977ல கொண்டு வந்த ஜிபி10 சாதாரண ஆர்ச்டாப்ப விட சின்ன உடம்புதான், அதுல வாசிச்சு அவர் என்ன குறைஞ்சு போயிட்டார்?

என் கணக்கு இது: சராசரி உயரம்னா 16 இன்ச் வரைக்கும் ஓகே. கொஞ்சம் குட்டையா இருக்கீங்க, இல்ல ஏற்கனவே தோள், மணிக்கட்டு பிரச்சனை இருக்குன்னா 15 இன்ச் இல்ல அதுக்கும் கீழ பாருங்க. 17 இன்ச், வாசிச்சு பார்க்காம வாங்கவே வாங்காதீங்க. கடையில நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷம் வாசிச்சா ஒண்ணும் தெரியாது, கை இல்லாத நாற்காலி ஒண்ணு கேட்டு வாங்கி உக்காந்து அரை மணி நேரம் வாசிங்க. கடைக்காரர் முறைப்பார், பரவால்ல.

கம்பி நீளம், அதாவது ஸ்கேல். பெரும்பாலும் ரெண்டு அளவு, 24.75 இன்ச் சுற்றி ஒண்ணு, 25.5 இன்ச் இன்னொண்ணு. சின்னதுல ஒரே கம்பி கொஞ்சம் தளர்வா இருக்கும், அஞ்சு ஃப்ரெட் (நெக் மேல குறுக்க இருக்குற உலோகக் கோடு) தூரத்துக்கு விரல விரிக்கிற கார்டெல்லாம் எட்டும். பெருசுல கீழ் சுரம் இறுக்கமா தெளிவா இருக்கும். சின்ன கைன்னா முதல் ரகம். நட் (நெக்கோட தலைமுனையில கம்பி உக்கார்ற சின்ன பட்டை) அகலம் 43 மில்லிமீட்டர் சுற்றி இருக்குறதுதான் அதிகம் கிடைக்கும், விரலால தனித்தனியா பறிச்சு வாசிக்கிறவங்களுக்கு அதுக்கு மேல இருந்தா இன்னும் நல்லது.

எடை பத்தி ஒண்ணு மட்டும். முழு ஹாலோ பார்க்க பெருசா இருந்தாலும் தூக்கினா லேசு, நடுக்கட்டை இருக்குற செமிதான் பல நேரம் அத விட கனமா இருக்கும்.

படி 4: ஒட்டுப்பலகைன்னா மட்டமா?

இல்லவே இல்ல. ஆர்ச்டாப்போட மேடு வயலின்லேர்ந்து வந்தது, ஒரே முழு மரத்த உளியால செதுக்கி மேடாக்குறது பழைய வழி. அது கை வேலை, நேரம் எடுக்கும், விலையும் எங்கயோ போகும். கம்மி பட்ஜெட்ல கிடைக்கிறது மெல்லிய தகடுகள ஒட்டி அச்சுல அழுத்தி எடுத்த ஒட்டுப்பலகை. மேல சொன்ன 175ம் ஒட்டுப்பலகைதான், ஜோ பாஸ் அதுல வாசிச்சப்போ யாரும் குறை சொல்லல. ஆம்ப்ல போட்டு வாசிக்க ஒட்டுப்பலகை ஒரு விதத்துல நல்லது கூட, அதிர்வு கம்மி, ஊளையும் கம்மி, காத்துல ஈரம் ஏறி இறங்கினாலும் சட்டுனு வெடிக்காது. ஆம்ப் இல்லாம கேக்குறப்போ முழு மரம் ஜெயிக்கும், அது உண்மை.

அதனால "முழு ஸ்ப்ரூஸ் மேல்பலகை"ன்னு போட்டிருக்கேன்னு ஒரு மலிவு கிட்டாருக்காக பட்ஜெட்ட இழுக்காதீங்க. அந்த காச நெக் வேலை சுத்தமா இருக்குற ஒட்டுப்பலகை கிட்டார்ல போடுங்க.

படி 5: பிக்கப்பு

நீங்க பயன்படுத்தப் போறது நெக் பிக்கப்பு. பிரிட்ஜ் பிக்கப்பு பாதி பேருக்கு அலங்காரம்தான், ஒத்த பிக்கப் கிட்டார் கிடைச்சா தயங்காம எடுக்கலாம், மேல்பலகைல ஒரு ஓட்டை கம்மி, குழப்பமும் கம்மி.

ஹம்பக்கர்னா (ரெண்டு சுருள் பிக்கப்பு) இரைச்சல் இல்லாம, உருண்டையா, இருட்டா இருக்கும். பி-90னா (ஒத்தச் சுருள் பிக்கப்பு) கொஞ்சம் கரகரப்பு, விரல் படுற சத்தமெல்லாம் கேக்கும், ஆனா பக்கத்துல ட்யூப்லைட்டு, கம்ப்யூட்டர் இருந்தா "ம்ம்ம்"னு முனகும். 175 முதல்ல வந்தப்போ பி-90தான் இருந்துச்சு, 1957ல இருந்துதான் ஹம்பக்கர் வந்துச்சு, ஜிம் ஹால் பல வருஷம் வாசிச்சது அந்த பழைய ஒத்த பி-90 கிட்டார்தான். எனக்கு கேட்டா பி-90 பக்கம் சாய்வேன், ஆனா மெலடிய விட பின்னணி கார்டு வாசிக்கிறதுதான் உங்க வேலைன்னா ஹம்பக்கர் நிம்மதி.

மூணாவது ரகம் ஃப்ளோட்டிங், மேல்பலகைய வெட்டாம பிக்கார்ட்லயோ (பலகைல கீறல் விழாம காக்குற தகடு) நெக் நுனியிலயோ தொங்க விட்டிருப்பாங்க. பலகை சுதந்திரமா அதிரும், அக்கூஸ்டிக் மாதிரி சத்தம், ஆனா மேடையில ஊளைக்கு ரொம்ப பக்கம். வீட்டு ஆளுங்களுக்கு அருமை.

பிக்ஸ்பி வைப்ரேட்டோ (சுருதிய ஆட்டுற கைப்பிடி) வச்சது பார்க்க ஸ்டைலா இருக்கும், ஜாஸுக்கு தேவையில்ல, எடை கூடும், கம்பி மாத்துறது பெரிய தலைவலி, வேணாம்.

படி 6: எந்தெந்த மாடல்?

வரிசையா மாடல் பேர் சொன்னா நாளைக்கே அதுல பாதி நின்னு போயிருக்கும், பேர் மாறியிருக்கும். அதனால குடும்பமா சொல்றேன், இவங்கள தேடினா இன்னிக்கு என்ன வருதுன்னு தெரிஞ்சிடும்.

ஐபனெஸோட ஆர்ட்கோர் வரிசை 2002லேர்ந்து வருது, கம்மி பட்ஜெட் ஹாலோபாடின்னாலே முதல்ல வர்ற பேரு. இதுல எழுத்த கவனிங்க: ஏஎஃப்னு ஆரம்பிச்சா முழு ஆழ ஹாலோ, ஏஜின்னா சின்ன உடம்பு, ஏஎஸ்னா செமி. ஏஎஃப்75 ரொம்ப பேரோட முதல் ஜாஸ் கிட்டார். அதுக்கு கீழ ஏஎஃப்55, மேல ஏஎஃப்95. மூணுக்கும் நடுவுல முக்கால்வாசி வித்தியாசம் பளபளப்பும் பிக்கப்பும்தான், நெக் வேலை கீழ் மாடல்லயும் பொதுவா சுத்தமா இருக்கும். முதல் தடவை வாங்குறவங்களுக்கு இதத்தான் சொல்லுவேன்.

கோடின் ஃபிஃப்த் அவென்யூ கிங்பின், கனடால செய்யிறது, செர்ரி மர ஒட்டுப்பலகை, பி-90. ஆர்ட்கோர விட பட்ஜெட் கொஞ்சம் ஏறும், ஆனா பழைய காலத்து வறண்ட மரச்சத்தம் வேணும்னா இதுதான், பழசா கிடைச்சா விட்டுடாதீங்க. மனசுல பட்டத சொல்றேன், இந்த பட்டியல்ல எனக்கு பிடிச்சது இதுதான்.

எபிஃபோன்ல கஸினோ மெலிசான முழு ஹாலோ, பி-90. டாட் செமி. பிராட்வே 17 இன்ச் பெரிய உடம்பு, நீள ஸ்கேல், மேல சொன்ன தோள்பட்டை எச்சரிக்கை இதுக்கு பொருந்தும். எபிஃபோன் இஎஸ்-175 இப்போ புதுசா வர்றதில்ல, பழைய சந்தையில அடிக்கடி தலை காட்டும்.

ஈஸ்ட்மேன் ஏஆர்371, 16 இன்ச், மேபிள் ஒட்டுப்பலகை, நெக்ல ஒத்த ஹம்பக்கர், அச்சு அசல் 175 கணக்கு. "கம்மி பட்ஜெட்"ங்கறதோட மேல் எல்லையில நிக்கும், ஆனா அதுக்கு அப்புறம் வேற கிட்டார் தேட மாட்டீங்க.

கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் ஜி2420 அழகான கிட்டார், ஆனா அதோட இயல்பு பளிச்சுனு ராக்கபில்லி பக்கம், டோன இறக்கி ஃப்ளாட்வுண்ட் போட்டா ஜாஸுக்கும் வழிக்கு வரும். கில்ட் ஏ-150 சவாய் ஃப்ளோட்டிங் பிக்கப் வச்ச 17 இன்ச், வீட்டு வாசிப்புக்கு. டிஆஞ்சலிகோ ப்ரீமியர் வரிசையில முழு ஹாலோவும் இருக்கு, செமியும் இருக்கு, பேர வச்சு கண்டுபிடிக்க முடியாது, டார்ச் அடிச்சே பாருங்க.

படி 7: கையில எடுத்து சோதிக்கிறது

இந்த விலையில ஒரே மாடல்ல ரெண்டு கிட்டார் ரெண்டு விதமா இருக்கும். அதனால மாடல விட, உங்க கையில இருக்குற அந்த ஒரு கிட்டார்தான் முக்கியம்.

முதல்ல ஆம்ப் இல்லாம. நெக்க கண்ணுக்கு நேரா பிடிச்சு தலைப்பக்கத்துலேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் பாருங்க, முறுக்கிக்கிட்டு இருந்தா கீழ வச்சுடுங்க, அத சரி பண்ண முடியாது. லேசான முன்வளைவு இருக்கலாம், ட்ரஸ் ராட்ல (நெக்குக்குள்ள ஓடுற, திருகி வளைவ மாத்துற கம்பி) சரி ஆகும். ஆறாவது கம்பிய முதல் ஃப்ரெட்லயும் பாடி சேர்ற இடத்து ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்குங்க, நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையிற அளவுக்கு இடைவெளி இருந்தா நல்லா இருக்கு.

அடுத்தது பிரிட்ஜ் உயரம், இத பலபேர் பார்க்கவே மாட்டாங்க. பிரிட்ஜோட ரெண்டு பக்கமும் சின்ன சக்கரம் இருக்கும், அத திருகினா உயரம் மாறும். அது ஏற்கனவே அடிமட்டத்துல இறங்கி உக்காந்திருந்து, கம்பி அப்பவும் 12வது ஃப்ரெட்ல வானத்துல நிக்குதுன்னா நெக் ஒட்டின கோணமே தப்பு. அத சரி பண்ற செலவு கிட்டார் விலைய தாண்டிடும். ஏறவும் இறங்கவும் ரெண்டு பக்கமும் இடம் மிச்சம் இருக்கணும். அதே மாதிரி ரொம்ப மேல தூக்கி வச்சிருந்தாலும் சந்தேகப்படுங்க, பழைய கிட்டார்னா மேல்பலகை பிரிட்ஜுக்கு கீழ அமுங்கிப் போயிருக்கலாம். கண்ண பலகை மட்டத்துக்கு கொண்டு போய் பாருங்க, மேடு மேடாவே இருக்கணும்.

அப்புறம் ஒவ்வொரு கம்பி, ஒவ்வொரு ஃப்ரெட், ஒண்ணு விடாம. போரா இருக்கும், செய்யுங்க. சில சுரம் செத்த மாதிரி "டக்"னு நிக்கும், சில இடத்துல சலசலக்கும். சலசலப்பு எல்லாமே ஃப்ரெட் பிரச்சனை இல்ல, ஹாலோபாடில டெயில்பீஸ் கீல், பிக்கார்ட் ஸ்க்ரூ, பிரிட்ஜ் சக்கரம், ட்யூனர் மூடின்னு எது வேணா ஆடும். ஒரு ஆள கூப்பிட்டு நீங்க வாசிக்கும்போது ஒவ்வொரு பாகமா விரலால அழுத்தச் சொல்லுங்க, எத அழுத்தினா நிக்குதோ அதுதான் திருடன். உள்ள ஒட்டின தாங்கி மரம் விட்டிருந்தா மட்டும் பயப்படுங்க. விரல் முட்டியால மேல்பலகைய மெதுவா தட்டிக்கிட்டே போனா விட்டுப்போன இடத்துல சத்தம் ஓட்டையா மாறும்.

இப்போ ஆம்ப். வால்யூம், டோன் நாபெல்லாம் திருகி கரகரப்பு இருக்கான்னு பாருங்க. ஹாலோபாடில இது சின்ன விஷயம் இல்ல, ஏன்னா பின்னாடி மூடி கிடையாது, வயரிங் முழுக்க எஃப் ஓட்டை வழியா வெளிய இழுத்து வேலை பாத்து, நூல் கட்டி திரும்ப உள்ள இழுக்கணும். ஒரு தடவை பண்ணிப் பாருங்க, எலெக்ட்ரீஷியன் மேல தனி மரியாதை வந்துடும்.

கடைசியா, நீங்க மேடையில வைக்கிற அளவுக்கு வால்யூம வச்சு, ஆம்புக்கு நேரா நின்னு, கம்பிய தொடாம கைய எடுங்க. பத்து எண்ணுறதுக்குள்ள ஊளை கிளம்புதா, கிளம்பினா ரெண்டடி தள்ளி கொஞ்சம் திரும்பி நின்னா நிக்குதா? நின்னுட்டா சமாளிக்கலாம்.

ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா விக்கிறவர்கிட்ட நெக் உடம்போட சேர்ற இடத்த பக்கவாட்டுல, பிரிட்ஜ் சக்கரத்த கிட்டக்க, எஃப் ஓட்டை உள்ள டார்ச் அடிச்சு, தலையோட பின்பக்கத்துல வெடிப்பு இருக்கான்னு தெரியற மாதிரி, நாலு போட்டோ கேளுங்க. இதுக்கு சாக்கு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க. பெட்டியும் கிட்டாரோடயே வருதான்னு கேட்டுக்கோங்க, முழு ஆழ கிட்டார் சாதாரண பையில நுழையாது, தனியா தேடினா ஒரு பெரிய செலவு.

படி 8: வாங்கின அப்புறம்

பட்ஜெட் முழுசையும் கிட்டார்லயே கொட்டிடாதீங்க, கம்பிக்கும் செட்டப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வைங்க. கடையில வர்ற மெல்லிய ரவுண்ட்வுண்ட் (உருண்டையான கம்பி சுத்தின) கம்பியில வாசிச்சுட்டு "ஜாஸ் சத்தமே வரல"ன்னு வித்துட்டவங்க எத்தனையோ பேர்.

ஃப்ளாட்வுண்ட்ல டடாரியோ க்ரோம்ஸ், தோமாஸ்டிக் ஜாஸ் ஸ்விங், ரெண்டும் பேர் போனது. முதல்தடவைன்னா 11ல ஆரம்பிக்கிற செட் (முதல் கம்பி தடிமன் 0.011 இன்ச்), பழகினவங்க 12, பிடிவாதக்காரங்க 13. முக்கியமா மூணாவது கம்பி சுத்தின கம்பியா இருக்கணும். மரத்துலயே செதுக்கின பிரிட்ஜ் சேடில்கள நிறைய நேரம் அந்த சுத்தின மூணாவது கம்பிக்கு கணக்குப் பண்ணித்தான் வெட்டியிருப்பாங்க, அதுல வெறும் கம்பிய போட்டா எவ்ளோ ட்யூன் பண்ணாலும் மேல போகப் போக சுருதி தப்பும். இந்த ஒரு விஷயம் தெரியாம நான் நாலு மாசம் என் காத சந்தேகப்பட்டிருக்கேன்.

முழு ஆழ ஆர்ச்டாப்ல பெரும்பாலும் பிரிட்ஜ் ஒட்டி இருக்காது, கம்பியோட அழுத்தத்துல சும்மா நிக்குது. எல்லா கம்பியையும் ஒரேயடியா கழட்டினா அது கையோட வந்துடும். அதனால ஒண்ணொண்ணா மாத்துங்க, அதுக்கு முன்னாடி பிரிட்ஜ் கால் ஓரத்துல வார்னிஷ பிய்க்காத காகித டேப் ஒட்டி இடத்த குறிச்சுக்கோங்க. மாத்தின அப்புறம் 12வது ஃப்ரெட்ல ஹார்மானிக் (கம்பிய அமுக்காம லேசா தொட்டு எழுப்புற மணிச்சத்தம்) அடிச்சு, அதே இடத்துல அமுக்கியும் அடிச்சு ட்யூனர்ல பாருங்க. அமுக்கினது ஏறி காட்டினா பிரிட்ஜ டெயில்பீஸ் பக்கம் நகத்துங்க, இறங்கி காட்டினா நெக் பக்கம். கம்பிய கொஞ்சம் தளர்த்திட்டு நகத்துங்க, இறுக்கமா இருக்கும்போது இழுத்தா மேல்பலகைல கீறல் விழும். முதல் கம்பி, ஆறாவது கம்பி ரெண்டும் சரியா வந்தா பாதி வேலை முடிஞ்சுது.

தடிமன் கம்பி பழைய நட் பள்ளத்துல சிக்கும், ட்யூன் பண்ணும்போது "டிங்"னு சத்தம் வந்தா அதுதான் காரணம். பென்சில் முனைய பள்ளத்துல தேய்ச்சா தற்காலிகமா சரியாகும், நிரந்தரமா வேணும்னா பள்ளத்த அகலப்படுத்த தெரிஞ்சவர்கிட்ட குடுங்க. 12வது ஃப்ரெட்ல ஆறாவது கம்பி உயரம் 2 மில்லிமீட்டர் சுற்றி, முதல் கம்பி ஒன்றரை சுற்றி இருந்தா வாசிக்க இதமா இருக்கும். ஃப்ளாட்வுண்ட் ரொம்ப தாழ்வா போனா சத்தம் சப்பையாயிடும், அந்த "தும்"மே கம்பிக்கு ஆட இடம் இருந்தாத்தான் வரும்.

ஆம்ப்ல பேஸ் பாதிக்கு கீழ, மிட் பாதிக்கு மேல, ட்ரெபிள் உங்க காதுக்கு. எல்லாரும் ஜாஸ்னா பேஸ ஏத்துவாங்க, ஹாலோபாடில ஏற்கனவே பேஸ் வழியுது, அத ஏத்தினா டபுள் பேஸ்காரரோட சண்டைதான் வரும், ஊளையும் முதல்ல அங்கேர்ந்துதான் கிளம்பும். கிட்டார்ல டோன முழுசா மூடாதீங்க, போர்வைக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி ஆயிடும், 10ல 4, 5 வச்சு ஆரம்பிங்க. வால்யூம் 7ல வச்சுட்டு சோலோ வந்தா மட்டும் 9க்கு ஏத்துங்க. ஆம்ப தரையில வைக்காம ஒரு நாற்காலி மேல காது உயரத்துக்கு தூக்கி வச்சீங்கன்னா கம்மி வால்யூம்லயே உங்களுக்கு நல்லா கேக்கும். நான் முதல் கிட்டார விக்காம இத பண்ணிப் பார்த்திருந்தா ஒருவேளை இன்னிக்கும் அது என்கிட்டயே இருந்திருக்கும், ஆனா தோள்பட்டை வலிக்கு இது மருந்தில்ல.